சேர்வராயன் மலைக்கு ஒரு பிக்கப், ஐந்து டயர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த எங்கள் பிக்கப்பின் பின்பக்க இடது டயர், ஒரு கொண்டை ஊசி வளைவை ஒட்டிக் கிழிந்து அப்படியே தரையோடு உட்கார்ந்துவிட்டது. ஃபெஞ்சல் புயலின் மழையில் மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்து போக்குவரத்து நின்று, பிறகு பாதை திறக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. சரிந்த கற்களை நடுச்சாலையிலிருந்து விலக்கி ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். ஏறிவந்த பேருந்துக்கு வழிவிட எங்கள் ஓட்டுநர் வண்டியை இடப்பக்கம் ஒடித்தபோது பின்சக்கரம் அந்தக் கற்களில் ஒன்றின் மேல் உரசியிருக்கிறது. "ஏறுனதே தெரியலைங்கண்ணா, கல்லு இவ்ளோதான் இருந்துச்சு" என்று அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை அகலக் கல் ஒன்று, இரும்புக் கம்பியும் நைலான் நூலும் வைத்துக் கட்டிய டயரை நான்கு விரற்கடை நீளத்துக்குக் கிழித்தது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது.

வண்டி இரட்டைக் கேபின் கொண்ட, நான்கு சக்கர இயக்கம் உள்ள டீசல் பிக்கப். டயர் அளவு 245/70 ஆர் 16. வீடு சேலத்தில், மலை மேல் ஏற்காட்டின் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் பிப்ரவரி வரை வண்டிக்கு ஓய்வே கிடையாது, அதே நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழையும் வலுத்திருக்கும். ஆக, வண்டி அதிகம் சுமக்கும் மாதமும் பாதை மிக மோசமாக இருக்கும் மாதமும் எங்களுக்கு ஒன்றே.

அன்று ஸ்டெப்னியை மாட்டி வீடு வந்து சேர்ந்தோம். மறுவாரம் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான்கு டயருக்குப் பதில் ஐந்தாக வாங்கியதற்குக் காரணம் அதுவே. தோட்டத்து மண்பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஏறி, திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் அதை விடுவிக்கப் பார்த்தால் நெம்புகோல் அசையவில்லை. ஸ்டியரிங் பிடித்து இழுத்தது. நேராக நூறடி பின்னுக்கு ஓட்டிய பிறகு 'டக்' என்று விடுபட்டது. மாட்டியிருந்த ஸ்டெப்னி ஒருநாளும் ஓடாதது, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) ஆழம் 8.5 மி.மீ. இருந்தது, மற்ற மூன்றிலும் சராசரி 3 மி.மீ. தேவைப்படும்போது மட்டும் போடும் இந்த வகை நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேகவேறுபாட்டைச் சமன்செய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு அச்சும் ஒரே சுற்றில் பூட்டப்பட்டிருக்கும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் சறுக்க முடியாமல் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். தாரில் திரும்பும்போதே இப்படி முறுக்கு ஏறும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு சக்கரம் மட்டும் 11 மி.மீ. கூடுதல் விட்டத்தோடு இருந்தால் நேராக ஓடும்போதுகூட அது ஏறிக்கொண்டே இருக்கும் என்பது தெரியாது.

கழற்றிய டயர்கள் சொன்னவை

புது டயர் பார்க்கக் கிளம்பும் முன் பழைய ஐந்தையும் வீட்டு வாசலில் வரிசையாகப் படுக்க வைத்து, ஆழமானியும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தேன். பயனுள்ள அரை நாள் அது. கடைக்காரர் எவரும் சொல்லியிருக்க முடியாத செய்திகள் அந்த ரப்பரில் இருந்தன.

முன் டயர்கள் இரண்டிலும் உட்பக்கம் 5 மி.மீ. மிச்சம் இருந்தது, வெளித்தோளில், அதாவது பட்டன் பக்கச்சுவரோடு சேரும் வெளி ஓரத்தில், 2 மி.மீ.கூட முழுதாக இல்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை ஏறத்தாழ முழுதாக ஒடித்துத் திரும்பும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் வெளித்தோளில் போய் உட்காருகிறது. ஏறும்போது வலதுபுற வளைவு எதுவோ அதுவே இறங்கும்போது இடதுபுறம் என்பதால் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. அலைன்மென்ட் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறு பக்கம் குறைவாகவும் தேய்ந்திருக்கும், அல்லது கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் மரம் அறுக்கும் வாள்போலவும் தட்டுப்படும். இதில் அப்படி இல்லை.

மலைப்பாதையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். பின் டயர்கள் விடவில்லை. அவை வளைவில் திரும்பும் சக்கரங்கள் அல்ல. ஆனாலும் வலது பின் டயரில் நடுப்பகுதி 3.6 மி.மீ., இரண்டு தோள்களும் 2.7. நடு மேடாகவும் ஓரங்கள் தேய்ந்தும் இருந்தால் அது காற்றுக் குறைவாக ஓடிய டயர், பஞ்சர் கடையில் வேலை பழகும் பையனுக்கும் தெரிந்த பாடம் இது. அதே டயரின் பக்கச்சுவரில், ரிம்முக்கு இரண்டு விரல் மேலே, ஒரு கோழிமுட்டைப் பாதி அளவுக்குப் புடைப்பு. பள்ளத்திலோ கல்லிலோ இடித்தபோது பக்கச்சுவர் ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, உள்ளே நூல்கள் அறுந்த இடத்தில் காற்று வெளியே தள்ளுவதால் வரும் புடைப்பு அது. அதுவும் என்றைக்கோ வெடித்திருக்க வேண்டியது.

கிழிந்த டயரை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கிழிசல் பட்டனில் இல்லை, தோளில்கூட இல்லை; பக்கச்சுவர் மிகவும் வெளியே பிதுங்கும் இடத்தில் இருந்தது. ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு. பக்கச்சுவரில் அவை இல்லை. அங்கே இருப்பது நூல்களும் மேலே பூசிய ரப்பரும் மட்டுமே. சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினமான கருங்கல் வகை. உடைந்தால் விளிம்பு அரிவாள் போல நிற்கும். முழுக் காற்றோடு நிமிர்ந்து நின்ற டயராக இருந்தால் அந்தக் கல்லைப் பட்டனால் மிதித்துத் தள்ளியிருக்கும், அல்லது உரசிக்கொண்டு போயிருக்கும். தொப்பை சரிந்த டயர் பக்கச்சுவரைக் கொண்டுபோய்க் கத்தியில் வைத்தது.

ஐந்தாவது, ஸ்டெப்னி. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களில் கடைசி நான்கு தயாரான வாரமும் ஆண்டும். 2000-க்குப் பிறகு வந்த எல்லா டயரிலும் இப்படித்தான். இதில் 1417 என்றிருந்தது, 2017-ன் பதினான்காவது வாரம். வண்டியோடு வந்ததை ஏழு ஆண்டுகளாக வண்டிக்கடியில் தொங்கவிட்டே வைத்திருந்திருக்கிறோம். பட்டன் புதிது, பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள். ஓடாத டயருக்கும் வயதாகும். அதை மாட்டிக்கொண்டுதான் அன்றிரவு மீதி வளைவுகளையும் இறங்கினோம் என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

காற்று எங்கே போனது

ஓட்டுநர் கவனமானவர். வாரம் ஒருமுறை காற்றுப் பிடிப்பார், பின்னால் 35 பவுண்டு என்று சொல்லியே பிடிப்பார். அவர் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் ஒருநாள் 35 வைக்கச் சொல்லிவிட்டு, புதிதாக வாங்கிய கைமானியால் உடனே அளந்தேன். 29 காட்டியது. மானிதான் தவறோ என்று இன்னும் இரண்டு மானிகளைக் கடன் வாங்கிப் பார்த்தேன். அவை 29, 29.5 என்றன. கடையின் கடிகாரமுள் ஆறு பவுண்டு பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கடை எது என்பது இங்கே தேவையில்லை, பல்லாயிரம் முறை கீழே போட்டு எடுக்கப்பட்ட எந்த மானியும் அப்படித்தான் ஆகும். ஒரே இடத்தில், ஒரே மானியை நம்பி இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பொறுப்பு எங்களுடையது.

ஏற்காடு ஏறினால் காற்று கூடுமா குறையுமா என்ற விவாதமும் எங்கள் தோட்டத்தில் வெகுநாளாக உண்டு. மலை மேல் குளிர், ஆகவே குறையும் என்பது மேஸ்திரியின் கட்சி; மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, ஆகவே மானி கூடுதலாகக் காட்டும் என்பது என் கட்சி. கணக்குப் போட்டால் இருவரும் சரி. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். இந்த உயர வேறுபாட்டுக்கு வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 2 பவுண்டு குறையும், மானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் அந்த 2 பவுண்டு கூடுதலாகத் தெரியும். டயரின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு இறங்கும். ஆக, சேலத்தில் காலையில் ஆறிய டயரில் வைத்த 35, ஏற்காட்டில் இரவு தங்கி மறுநாள் காலையில் பார்த்தால் அரைப் பவுண்டு வித்தியாசத்தில் அதே 35-ஆகவே நிற்கும். நான்கு காலை அளந்து பார்த்தேன், ஒன்றில்கூட ஒரு பவுண்டுக்கு மேல் மாறவில்லை. மேலே போனதும் காற்றை இறக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கும் ஏற்ற வேண்டும் என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில்.

மலையிறங்கி வந்தவுடன் அளப்பது வேறு கதை. அடிவாரத்தில் டயரைத் தொட்டால் கை சுடும். பிரேக்கின் சூடும் ரப்பர் மடங்கி நிமிரும் சூடும் சேர்ந்து மானி 39, 40 காட்டும். அதைப் பார்த்து 'அதிகமாக இருக்கிறது' என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை ஆறிய டயரில் 30 கூட இருக்காது. எங்கள் ஓட்டுநர் அப்படிச் சிலமுறை இறக்கியதையும் விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

எங்கே ஓடுகிறது, எவ்வளவு சுமக்கிறது

'எஸ்டேட் வண்டி' என்று சொன்னவுடன் எல்லாருக்கும் சேறும் பாறையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன, எனக்கும் அப்படித்தான். ஜனவரி முழுவதும் ஓட்டக் குறிப்பேடு வைத்தபோது அந்தப் படம் கலைந்தது. அந்த மாதம் ஓடியது மொத்தம் 1,562 கி.மீ. அதில் தோட்டத்து மண்பாதை, களத்துக்கும் பழத்தோல் உரிக்கும் பல்பர் கொட்டகைக்கும் போய்வந்தது எல்லாம் சேர்ந்தே 182 கி.மீ.தான், நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. மீதி அத்தனையும் தார். அந்தத் தாரிலும் பாதிக்கு மேல் மலைப்பாதை வளைவுகள். மண்ணில் சிக்கினால் ஒரு மணி நேரம் வீணாகும், டிராக்டர் வந்து இழுக்கும். ஈரமான வளைவில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. டயரின் முதல் வேலை ஈரத் தாரில் நிற்பது, இரண்டாவது வேலை கல்லுக்குத் தாக்குப் பிடிப்பது, மண்ணில் ஏறுவது மூன்றாவதுதான் என்ற வரிசை இந்தக் குறிப்பேட்டிலிருந்து பிறந்தது.

எடையையும் ஊகத்தில் விடவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஓர் எடைமேடையில், 50 கிலோ மூட்டை பத்தும் மூன்று ஆட்களும் இருக்க, முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் ஏற்றி எடுத்தோம். முன்னால் 1,140 கிலோ, பின்னால் 1,490. அதாவது பின் டயர் ஒன்றுக்கு 745 கிலோ. டயரின் சுமைக் குறியீடு 107 என்றிருந்தால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும், 111 என்றால் 1,090. கார் வகை டயரைப் பிக்கப்பில் போடும்போது அந்த எண்ணை 1.1 ஆல் வகுத்துக்கொள்வது அமெரிக்க வழக்கம். அதன்படி பார்த்தாலும் 107-க்கு 886 கிலோ வருகிறது. எங்களுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பழைய டயர் சுமை தாங்காமல் போகவில்லை, காற்றில்லாமல் போனது என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

கடையில்

என் மச்சானுக்கு வண்டி என்றால் உயிர். "பெரிய பட்டன் டயரா போடு மாப்ள, பாறையே வந்தாலும் ஏறி எறங்கிடும்" என்றார். அவர் சொன்னது எம்.டி. என்னும் சேற்று டயர். பட்டன்களுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். சக்கரம் சுழலும்போது சேற்றை உதறி எறியும். எங்கள் தோட்டத்துச் செம்மண் களி மழையில் பிசைந்த மாவுபோல ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது, அதில் சேற்று டயர்தான் அரசன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அகன்ற இடைவெளியால் தாரைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது. மெல்லிய கீறல்கள் குறைவாக உள்ள பெரிய கட்டைகள் ஈரத் தாரின் நீர்ப்படலத்தை உடைக்க முடியாமல் வழுக்கும். 182 கி.மீ.க்காக 1,380 கி.மீ.யைப் பணயம் வைப்பது கணக்கில் வரவில்லை.

அடுத்து, சீலநாயக்கன்பட்டிப் புறவழிச்சாலையோரம் ஒரு கடையில் 265/70 ஆர் 16 அளவில், எல்.டி. என்னும் இலகுரகச் சரக்கு வண்டி வகையில், பத்து பிளை (பத்து நூலடுக்குக்கு ஈடான வலிமை) ஏ.டி. டயர் ஒன்றைக் காட்டினார்கள்; ஏ.டி. என்பது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான வகை. "எஸ்டேட் வண்டின்னா எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க சார்" என்றார் கடைக்காரர். பார்வைக்குக் கம்பீரம். ஆனால் இதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 777 மி.மீ.; வண்டியோடு வந்த அளவுக்கு 749. நூற்றுக்கு 3.7 பங்கு பெரிய சக்கரம். வேகமானி 60 காட்டும்போது வண்டி 62-ல் போகும் என்பது சிறிய விஷயம். கியர் அத்தனை பங்கு நீண்டுவிடுவதால் மூட்டையோடு இரண்டாம் கியரில் எடுக்கும் வளைவை முதல் கியரில் எடுக்க வேண்டி வரும், முழு ஒடிப்பில் மட்கார்டின் உள்தகட்டில் உரசும், பிரேக்குக்கும் அதே அளவு கூடுதல் வேலை. கடைத் தராசில் வைக்கச் சொன்னேன். 22 கிலோவுக்கு மேல் இருந்தது. வண்டியின் அளவில் இருந்த ஏ.டி. டயர் 16 கிலோவைத் தொடவில்லை. மேலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு வண்டியின் பதிவு விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் அளவுநாடாவோடு வந்து நிற்கும் நிலையை விலை கொடுத்து வாங்க எனக்கு விருப்பமில்லை.

பத்து பிளை பக்கச்சுவரின் தடிமன் ஆசை காட்டியது உண்மை. கிழிந்த டயரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது ஆறுதலாக இருக்கும். ஆனால் எல்.டி. டயர் அதிகக் காற்றில் அதிகச் சுமை தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. கார் வகை டயர் 35-ல் தாங்கும் எடையை அது தாங்க அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். வெறும் வண்டியாக இறங்கும் நாட்களில் அந்த விறைப்பான டயர் பின்பக்கம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்கு ஈரத் தாரில் பிடி இல்லை. ஒரு டன் ஜல்லி ஏற்றுபவருக்கு அது சரியான டயர், அரை டன் காப்பி ஏற்றும் எனக்கு அல்ல.

பழையபடி ஹெச்.டி. என்னும் சாலை டயரே போட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஈரத் தாரில் அதற்கு நிகர் இல்லை, விலையும் குறைவு. புது ஹெச்.டி. டயரில் பட்டன் ஆழம் 8, 8.5 மி.மீ. இருக்கும், ஏ.டி.யில் 10-க்கு மேல். அந்தக் கூடுதல் ரப்பரும், தோளிலிருந்து பக்கச்சுவரில் சற்றுத் தூரம் கீழே இறங்கி வரும் கட்டைகளும்தான் என் மனத்தைத் திருப்பின. எங்கள் டயர் கிழிந்த இடத்துக்கு அந்தக் கட்டைகள் முழுதாக எட்டாது. ஆனால் கல் முதலில் உரசும் இடத்தில் ஒரு கவசம் நிற்கும்.

ஏ.டி.யிலேயே இடைவெளிகள் மிதமாகவும், ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய கீறல்கள் நிறையவும் உள்ள ஒன்றைத் தேடினேன். விரல் நகத்தைக் கீறலில் நுழைத்து எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கலாம்; சிலவற்றில் அது மேலோட்டமான கோலம், நாலாயிரம் கி.மீ.யில் மறைந்துவிடும். எம் பிளஸ் எஸ் என்ற குறியைக் காட்டி ஒரு கடையில் பெருமையாகச் சொன்னார்கள். சேறும் பனியும் என்பதற்கான சுருக்கம் அது. பட்டன் அமைப்பைப் பார்த்து இடுவது, பிடியைச் சோதித்து அல்ல. மலையும் பனித்துகளும் வரைந்த குறி சோதித்து இடுவது, ஆனால் அது உறைபனிச் சாலைக்கு. ஏற்காட்டில் பனி என்றால் மூடுபனிதான்.

வெளிநாட்டு ஏ.டி. டயர்களைப் பற்றிப் படித்துவிட்டு வருபவர்கள் அவை ஏன் கடையில் இல்லை என்று கேட்கிறார்கள். 2020 ஜூன் முதல் புது டயர் இறக்குமதிக்குத் தனி உரிமம் தேவை, தவிரவும் இங்கே விற்கும் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. போன்ற இந்திய நிறுவனங்களும் இங்கேயே ஆலை வைத்துள்ள வெளிநாட்டு நிறுவனங்களும் தருவதிலிருந்து தேர்ந்தெடுப்பதே நடைமுறை. எது வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை. என் முடிவில் பெயருக்குப் பங்கு சிறிது. அளவு 245/70 ஆர் 16, சுமைக் குறியீடு 111, எக்ஸ்.எல். என்னும் கூடுதல் சுமை வகை, இந்தியத் தயாரிப்பு, பட்டன் ஆழம் 10.5 மி.மீ.

முதலில் எடுத்து வைத்த டயர்களில் தேதி 2623 என்றிருந்தது, ஒன்றரை ஆண்டு கிடங்கில் கிடந்தவை. வேறு கேட்டதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் இரண்டு நாளில் 4424 வரவழைத்துக் கொடுத்தார். ஐந்து டயரும் 59,000 ரூபாய், அன்றைய 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு. 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதமானது. அதை முன்கூட்டி அறிந்திருந்தாலும் மழையில் ஓடிய வண்டிக்கு எட்டு மாதம் காத்திருந்திருக்க முடியாது.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். டயரின் எடை குறைந்த இடம் அது. அதை ரிம்மின் வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயம் குறையும். வேலை செய்த தம்பி கேட்காமலேயே அப்படி வைத்தார், நட்டுகளையும் எதிரெதிராகவே முறுக்கினார். நூறு கி.மீ. ஓடியபின் ஒருமுறை வந்து நட்டுகளைச் சரிபார்க்கச் சொன்னதும் அவர்தான்.

பதினோரு மாதம்

2025 ஜனவரி இறுதியிலிருந்து டிசம்பர் வரை 17,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முதல் முந்நூறு கி.மீ. வரை ஈரத்தில் பிடி சற்று மந்தமாகவே இருந்தது. வார்ப்பு அச்சில் டயர் ஒட்டாமல் வரப் பூசும் மசகு தேயும் வரை எல்லாப் புது டயரும் அப்படித்தான். அதன் பிறகும் நனைந்த வளைவில் பழைய சாலை டயரின் கச்சிதம் இல்லை என்று ஓட்டுநர் சொல்கிறார், நான் ஓட்டும்போதும் எனக்கு அப்படியே தோன்றுகிறது. அதற்கேற்ப இறங்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டோம். 60-க்கு மேல் ஓர் ஊங்காரம் கேட்கிறது, பாட்டுப் போட்டால் தெரியாது.

டீசல் கணக்கு பலரும் பார்க்காதது. லிட்டருக்கு 12.1 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 11.6 கொடுக்கிறது. மாதம் ஐந்தரை லிட்டர் கூடுதல் செலவு. டயர்களைச் சட்டம் சொல்லும் 1.6 மி.மீ. வரை தேய்க்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறேன், மழைக்கால மலைப்பாதைக்கு அதற்குக் கீழ் போவது சரியல்ல. ஸ்டெப்னியையும் சேர்த்து முறைவைத்து இடம் மாற்றியதில் ஐந்திலும் சராசரியாக 2.3 மி.மீ. தேய்ந்திருக்கிறது, எந்த இரண்டுக்கும் அரை மி.மீ.க்கு மேல் வேறுபாடு இல்லை. இந்த வேகத்தில் 55,000 கி.மீ. வரும், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். கூடுதல் டீசல் அதன் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்கிறது. ஆகவே ஏ.டி. டயரின் உண்மையான விலை கடை ரசீதில் இருப்பதைவிட அதிகம்.

சேதம் என்று பார்த்தால் ஒரே ஒரு பஞ்சர். அதுவும் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம், ஆணி. பக்கச்சுவரில் கீறல்கள் உண்டு, நூல் தெரியும் அளவுக்கு ஒன்றும் இல்லை. இதை ஏ.டி. டயரின் வெற்றி என்று எழுத ஆசைதான், எழுத முடியாது. டயரை மாற்றிய அதே வாரம் மானியை மாற்றினோம், காற்றை ஆறிய டயரில் காலையில் பார்க்கும் வழக்கத்துக்கு வந்தோம், ஓட்டுநர் ஓரக் கற்களைக் கண்டால் நின்று நிதானித்துப் போகிறார். மூன்றில் எது டயரைக் காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு வண்டி போதாது. என் ஊகம் கேட்டால், பாதிக்கு மேல் மானிக்கே கொடுப்பேன். பின் டயர்களின் நடுவும் தோளும் இப்போது ஒரே அளவில் தேய்கின்றன. டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுச் சிமெண்டுத் தளத்தில் பத்தடி உருட்டினால், கோடு முழு அகலத்திலும் சீராக அழிய வேண்டும். மூட்டையோடு 36 வைத்தபோது அப்படி அழிந்தது, 30-ல் ஓரங்கள் மட்டும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றது.

மண்பாதையில் ஏறுமுன் 26-க்கு இறக்கிக்கொள்கிறோம். இறக்கிய டயரில் பக்கச்சுவர் பிதுங்கும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆகவே நடை வேகத்தைத் தாண்டுவதில்லை, பாதையில் கல் துருத்தும் இரண்டு இடங்களில் மேஸ்திரி இறங்கி முன்னால் நடப்பார். தார் ஏறும் இடத்தில், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்பால் மீண்டும் 36. நான்கு டயருக்கும் இருபது நிமிடம் பிடிக்கிறது. அந்த இருபது நிமிடம் இல்லாமல் வண்டி மலையிறங்கக் கூடாது என்பது இப்போது தோட்டத்து விதி.

களிமண் மட்டும் தீராத வழக்கு. அக்டோபரில் தொடர்ந்து மூன்று நாள் பெய்த மழைக்குப் பிறகு, களத்துக்குக் கீழே உள்ள ஏற்றத்தில் ஐம்பதடி போவதற்குள் பட்டன் இடைவெளிகள் எல்லாம் செம்மண்ணால் அடைபட்டு, டயர் மொட்டை உருளையாகச் சுற்றியது. நான்கு சக்கர இயக்கமும் உதவவில்லை. மச்சான் அன்று தோட்டத்தில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்த மாதிரி நாட்களில் பிக்கப்பைத் தார் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு மூட்டைகளை டிராக்டரில் இறக்கிக்கொள்கிறோம். இந்தப் பருவத்தில் இதுவரை ஏழு நாள் அப்படிச் செய்தோம்.